ஒரு மீட்டர் பன்னிரண்டு

“அந்தக் கல்லை அது இருந்த இடத்துக்கே திரும்ப ஏத்தி வைங்க, மெசியே.”

கொராலி சொல்லிவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், சம்பளத்தைக் கூட்டிக் கேள், லீவு கேள், அந்தக் கல்லைப் பற்றி மட்டும் அவர்களிடம் வாயைத் திறக்காதே என்று அம்மா மூன்று வாரமாக ஓதியிருந்தாள். ஓதியது பலிக்கவில்லை.

ஊர் மன்றத்தின் மாடி அறை. சனிக்கிழமை காலை. மேசைக்கு அந்தப் பக்கம் மேயர் தெர்சினியே. முப்பது வருடமாக வோரெல் கிராமத்தின் மேயர். ஊரில் எந்த வீடு கைமாறினாலும் பத்திரம் எழுதுபவரும் அவரே. அவர் பக்கத்தில் மரபுக் கழகத் தலைவி மதாம் வெர்னோல். பாரிஸில் ஓய்வுபெற்று, பதினொரு வருடம் முன்பு இங்கே ஆற்றைப் பார்த்தபடி வீடு வாங்கியவர். மேசைமேல் படித்துறையில் நிறுத்தப்போகும் விளக்கப் பலகையின் அச்சுப் பிரதி கிடந்தது. எழுதியது கொராலி. இன்று மேயர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகும்.

கதவு பாதி திறந்திருந்தது. நடையில் தரை துடைக்கும் சத்தம் சட்டென்று நின்றது. அம்மாதான். மன்றத்தைச் சுத்தம் செய்வது அம்மா ஜொஸியானின் வேலை. இருபத்திரண்டு வருடமாக.

“எந்தக் கல்லு?” என்றார் மேயர்.

“உப்புக் கிடங்குச் சுவத்துல இருக்கிற வெள்ளக் கல்லு. ஊர்ல வேற எந்தக் கல்லைப் பத்திப் பேசுறோம்?”

படகில் உப்பு வந்து இறங்கிய காலத்தில் கட்டிய கிடங்கு அது. படித்துறையை ஒட்டி நிற்கிறது. சுவரில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கல். அதில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 1856 ஜூன். லுவார் ஆறு அந்த மாதம் ஏறி நின்ற உயரம். வருடாவருடம் ஜூன் முதல் ஞாயிறு ஊர்ப் பிள்ளைகளை அந்தச் சுவரில் முதுகு ஒட்ட நிறுத்துவார்கள். யார் உச்சந்தலை கோட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பிள்ளைக்கு எல்லார் முன்னாலும் ஒரு கோப்பை வெள்ளை ஒயின். ‘வெள்ளத்தைத் தாண்டியவர்’ என்று மேயர் அறிவிப்பார், பிள்ளை முகம் சுளித்துக்கொண்டு குடிக்கும், தாய்மார் கைதட்டுவார்கள். தொலைக்காட்சிக்காரர்கள்கூட ஒருமுறை வந்து படம் பிடித்துப் போனார்கள். பலகையில் மதாம் வெர்னோல் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘நினைவுக்கு எட்டாத காலம் முதல் எம் முன்னோர் காத்துவரும் மரபு.’

“அது இருக்கிற இடத்துலதான இருக்கு?” என்றார் மதாம் வெர்னோல். “நூத்தறுபது வருஷமா.”

“இருபத்தஞ்சு வருஷமா, மதாம். அதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேல இருந்துச்சு. கதவு நிலைக்கும் மேல.”

கொராலி கோப்பினைத் திறந்து அஞ்சலட்டையை எடுத்து வைத்தாள். அது மதாம் வெர்னோலின் சேகரிப்பிலிருந்தே வந்தது. 1908-ஆம் வருடம் எடுத்த படம். கிடங்கின் முன்னால் சலவைப் பெண்கள் எட்டுப் பேர். ஏழு பேர் மண்டியிட்டுத் துணி அடிக்கிறார்கள். ஒருத்தி இடுப்பில் கூடையோடு கதவருகே நின்று, படம் பிடிப்பவனை அடிக்கப்போகிறவள் மாதிரி முறைக்கிறாள். அவள் தலைக்கு மேலே கதவு நிலை. நிலைக்கும் மேலே வெள்ளைக் கல், கோடு, வருடம். கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பலகையிலும் அதே படம் இருந்தது. ஆனால் நின்றவளின் தலைக்கு ஒரு விரல் மேலே வெட்டியிருந்தார்கள்.

“நான் முழுப் படத்தைத்தான் அனுப்பினேன். வெட்டினது யாரு?”

“நான்தான்” என்றார் மதாம் வெர்னோல். குரலில் ஒளிவு இல்லை. “மேல வெறும் சுவருதானேன்னு... அந்தப் பொண்ணுங்க முகம் பெருசாத் தெரியட்டுமேன்னுதான் வெட்டினேன்.” அட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். அவர் கழுத்து மெல்லச் சிவந்தது. “அப்போ பிள்ளைங்க எப்படி அளந்தாங்க? இவ்வளவு உயரத்துல?”

“யாரும் அளக்கல. ரெண்டே முக்கால் மீட்டர். அதைத் தாண்ட மனுஷப் பிள்ளையால முடியாது. கல்லு கீழ வந்த பிறகுதான் அந்தப் பழக்கமே வந்துச்சு. உங்க நினைவுக்கு எட்டாத காலத்துக்கு என் வயசுதான், மதாம். எனக்கு நல்லாவே எட்டுது.”

மேயர் சிரித்தார். பேச்சைத் திருப்பும்போது அவர் சிரிப்பது ஊருக்கே தெரியும்.

“கொராலி. இந்த மேசைக்கு அடியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதின பொண்ணு நீ. உங்கம்மா கூட்டுவா, நீ காலை மடக்கிக்குவே. இன்னைக்கு மேசைக்கு மேல பேசுற அளவுக்கு வந்துட்டே. சந்தோஷம். படிப்புன்னா அதுதான்.”

வோரெலின் தாழ்ந்த தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். தூர் நகரில் ஐந்து வருடம் வரலாறு படித்தாள். பட்டம் வாங்கிவிட்டு வந்து ஒரு வருட ஒப்பந்தத்தில் ஊர் மரபைப் பற்றி எழுதுகிறாள். மேயர் அவளை நீ என்பார், அவள் நீங்கள் என்பாள். பட்டத்துக்குப் பிறகும் அது மாறவில்லை.

“கல்லைக் கீழ இறக்கச் சொன்னது நீங்க” என்றாள்.

“இருக்கலாம்.”

“இருக்கலாம் இல்ல. மலர்க் கிராமப் போட்டிக்கு நடுவருங்க வந்த வருஷம். கழுத்தை அண்ணாந்து படிக்கச் சிரமமா இருக்குன்னு ஒரு அம்மா சொன்னாங்களாம். அடுத்த வாரமே கதவுக்குப் பக்கத்துல கண் மட்டத்துக்கு இறக்கி, கீழ ஒரு ஜெரேனியம் பூத்தொட்டியும் வச்சீங்க. மன்றக் குறிப்பேட்டுல இருக்கு. ஊர்ப் பலகையில போட்டுக்கப் பூச் சின்னப் பரிசும் கிடைச்சுது.”

“ரெண்டு பூ” என்றார் மேயர், பெருமை தன்னையறியாமல் வெளியே வர. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார். “சரி, இறக்கினோம். ஜனங்க படிக்கணும்னுதான் இறக்கினோம். இது ஒரு குத்தமா? யார் கழுத்து வலிச்சா உனக்கு என்ன?”

“அது குத்தமில்ல. இது குத்தம்.”

இரண்டாவது தாளை வைத்தாள். பத்து வருடம் கழித்து, ஆற்றின் வெள்ள வரைபடம் போட அரசு ஆட்கள் ஊர் ஊராகக் குறிகளை அளந்து வந்தார்கள். வோரெலின் கோடு மேல் ஊரோடும் பொருந்தவில்லை, கீழ் ஊரோடும் பொருந்தவில்லை. ஒரு மீட்டருக்கு மேல் குறைந்தது. கல் பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். ‘ஆம், ஆதியிலிருந்து இருந்த இடத்திலேயே உள்ளது’ என்று ஒரு வரிப் பதில் போனது. கீழே தெர்சினியே என்று வால் நீண்ட கையெழுத்து. மன்றத்து அலமாரியில் நூல் கட்டிக் கிடந்த காகிதக் கட்டுக்குள் அதன் நகலை அவள் கண்டெடுத்தாள்.

மேயர் தாளைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே படித்தார்.

“மறந்தே போச்சு” என்றார் கடைசியில். “சத்தியமா. பத்து வருஷம் அங்கேயே பார்த்துப் பார்த்து, அது எப்பவும் அங்கதான் இருந்துச்சுன்னு நானே நம்பிட்டேன்.”

பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் கொராலிக்கு இன்னும் எரிந்தது. பொய்யனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

“நீங்க மறந்த ஒரு மீட்டர் பன்னிரண்டுலதான் இப்ப வீடு கட்டப்போறீங்க. ஆத்தோர மணல்மேட்டுல. ஆறு வீடு, எல்லாம் தரைத்தளம், எல்லாம் வயசானவங்களுக்கு. வரைபடம் அங்க அறுபத்தாறு சென்டிமீட்டர் தண்ணின்னு சொல்லுது. அதனால எழுபதுக்குத் தளத்தை ஏத்தினாப் போதும்னு அனுமதி. நிஜமான கோட்டை வச்சுப் பார்த்தா வீட்டுக்குள்ளயே ஒரு மீட்டருக்கு மேல நிக்கும். கட்டிலுக்கும் மேல. மேல ஏற மாடி கிடையாது. அந்த ஆறு பேருல ஓடக்கூடியவங்க யாராவது இருக்காங்களா?”

நடையில் வாளியை இன்னும் நகர்த்தவில்லை.

“என்னதான் வேணும் உனக்கு?”

“சொன்னேனே. கல்லை ஏத்துங்க. அளந்தவங்களுக்கு எழுதுங்க. பலகையில முழுப் படத்தைப் போடுங்க.”

மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஒரு நிலத் தகராறைத் தீர்த்து வைக்கும் தொனியில் பேசினார். “பலகையில ஒரு வரி சேர்ப்போம். ‘மறுசீரமைப்பின்போது இக்கல் சற்றே இடம் மாறியிருக்கலாம்.’ உண்மையும் ஆச்சு, யாருக்கும் சங்கடமும் இல்ல. ஜூன்ல உன் ஒப்பந்தம் முடியுது. மரபுக்குன்னு நிரந்தரமா ஒரு ஆள் வச்சுக்கலாம்னு மன்றத்துல எனக்கு யோசனை இருக்கு. ஊர்ப் பொண்ணே இருந்தா நல்லதுதான?”

“சற்றே” என்றாள் கொராலி.

“என்ன?”

“கட்டில் முங்குற அளவுக்குச் சற்றே.”

மேயர் அச்சுப் பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்து, வெட்டிய படத்துக்குக் கீழே, அதே வால் நீண்ட கையெழுத்தைப் போட்டார். மதாம் வெர்னோல் எதிர்ப்பார் என்று கொராலி ஒரு நொடி நினைத்தாள். அவர் அஞ்சலட்டையை இரண்டு விரலால் எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இது என்னோடதுதான” என்றார், யாரையும் பார்க்காமல்.

கொராலி வெளியே வந்தபோது நடையில் வாளி மட்டும் இருந்தது. தரை பாதி ஈரம், பாதி காய்ந்தது.

அம்மாவின் வீடு மூடிக்கிடக்கும் பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. இருபத்தாறு படி, குறுகல், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். கொராலி ஏறிப் போகும்போது ஜொஸியான் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று லீக் கீரைத் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழுந்த விதத்திலேயே அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“மூணாவது பேரு” என்றாள் அம்மா, திரும்பாமல்.

“தெரியும்மா.”

“பட்டியல்ல ஆறு பேரு. நான் மூணாவது. பத்தொன்பது வருஷமா எழுதிப் போட்டு எழுதிப் போட்டு வந்த மூணாவது. குளிக்கிற இடத்துல படி இல்லையாம். அப்படியே நடந்து உள்ள போகலாமாம். பின்னாடி ரெண்டு பாத்தி போடுற அளவுக்கு இடம். நான் போய்க் காலால அளந்துட்டு வந்தேன்.” நறுக்குவது நின்றது. “அந்த ஆள் முகத்துக்கு நேரா ஆறு கிழங்களும் ஓட முடியாதுன்னு சொன்னியே. அதுல ஒரு கிழம் நான்தானேடி.”

“அதனாலதாம்மா சொன்னேன்.”

“எனக்காகவா. சரி. அப்ப என்கிட்ட கேட்டியா?”

கொராலி கேட்டிருந்தாள். அம்மா வேண்டாம் என்றிருந்தாள். அதைக் கேட்டதாக எப்படிச் சொல்வது?

“ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தாறுல வந்த தண்ணி” என்றாள் ஜொஸியான். “அதுக்கப்புறம் அந்த உயரத்துக்கு வந்துச்சா? வரல. நான் சாகறதுக்குள்ளதான் வரணும்னு அதுக்கு என்ன வேண்டுதலா? வந்தா வரட்டும். கட்டில்லயே கிடப்பேன். இந்தப் படியில ஒருநாள் உருண்டு சாகறதுக்கு அது ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

“அப்படிப் பேசாதம்மா.”

“வேற எப்படிப் பேசணும்? நீ தூருக்குப் போயிருவே. இல்ல பாரிஸுக்குப் போயிருவே. உண்மையைச் சொன்னவன்னு உனக்கு ஒரு பேரு இருக்கும். இருபத்தாறு படி எனக்கு இருக்கும். காலையில ஒருதரம், மத்தியானம் ஒருதரம். ரொட்டியை மறந்துட்டா மூணு தரம்.”

ஜன்னல் வழியாகக் கிடங்கின் சுவர் தெரிந்தது. கல், கோடு, கீழே தொட்டி. மார்ச் மாதம், இன்னும் பூ வைக்கவில்லை. ஒரு மீட்டர் மேலே, கதவு நிலைக்கு மேல், சதுரமாக ஒரு இடம் மட்டும் சுவரின் மற்ற இடத்தைவிட வெளுத்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த சுவர்தான். மூன்று வாரமாக அந்தச் சதுரத்தைத் தவிர எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

“அதை இறக்கினது அப்பாதான?”

அவள் அப்பா கில்பேர் மன்றத்தின் கூலிக்காரராக இருந்தார். குழி தோண்ட, விளக்கு மாற்ற, கல்லறையில் புல் வெட்ட, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். அவர் இறந்து ஆறு வருடம்.

“வேற யாரு இறக்குவா? மேயர் ஏணி மேல ஏறுவாரா?”

“ஒண்ணும் சொல்லலையா அப்பா? தப்புன்னு தோணலையா?”

அவள் கேட்ட விதத்திலேயே ஒரு கெஞ்சல் இருந்தது. அம்மா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன கேக்குறே? உங்கப்பா சண்டை போட்டார்னு சொல்லணுமா? யாருக்கும் தெரியாம ஒரு அடையாளம் வச்சுட்டுப் போனார், நீ வந்து கண்டுபிடிப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தார்னு சொல்லணுமா?” லீக்கை வாரிச் சட்டியில் போட்டாள். “காலையில இறக்கினார். மத்தியானத்துக்குள்ள பூசி முடிச்சுட்டார். மேயர் மிச்ச நேரத்துக்கு லீவு கொடுத்தார். தூண்டிலை எடுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போயிட்டார். ஒரு பைக் மீன் பிடிச்சுட்டு வந்தார். முள்ளு அதிகம். அவ்வளவுதான் நடந்துச்சு.”

கொராலி பதினைந்து வயதில் வெள்ளத்தைத் தாண்டினாள். ஒரு விரல் அகலம்தான். கோப்பையை நீட்டியது மேயர் இல்லை. அந்த வருடம் அப்பா அதைக் கேட்டு வாங்கித் தன் கையால் கொடுத்தார். குனிந்து அவள் காதில், “தாண்டிட்டேடி” என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பெருமையால் என்று பத்து வருடமாக நினைத்திருந்தாள். பரீட்சைக்கு முந்திய இரவுகளில், எழுதத் தெரியாத விண்ணப்பங்களின் முன்னால், அந்தச் சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எந்தக் கோட்டைத் தாண்டினாள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோட்டை அவரே அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்.

“அவருக்குச் சிரிப்பா இருந்திருக்கு” என்றாள்.

“இருக்காதா பின்ன?” என்றாள் அம்மா. “ஊரே கைதட்டுது. அவரும் கைதட்டினார்.”

சட்டி கொதிக்கத் தொடங்கியது. ஜொஸியான் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். மகளின் கோப்பினை இழுத்தாள், கொராலி தடுக்கவில்லை. உள்ளே பழுப்பு உறை இருந்தது. வெள்ள வரைபடம் போட்ட மாவட்டத் தலைமை அலுவலகத்தின் முகவரி அச்சடித்தாற்போல நேராக எழுதியிருந்தது. ஜொஸியான் முகவரியைப் படிக்கவில்லை. மூலையில் இருந்த தபால்தலையைக் கட்டைவிரலால் தடவினாள்.

“இது எப்ப ஒட்டினது?”

“காலையில.”

“கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடியா?”

“ஆமா.”

“அப்ப அவங்ககிட்ட எதுக்குடி போய்க் கேட்டே?”

“கல்லை ஏத்துறேன்னு சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

“சொல்வாங்கன்னு நினைச்சியா?”

“இல்ல.”

அம்மா உறையைக் கையிலேயே வைத்திருந்தாள். அடுப்பு இரண்டடி தூரத்தில் எரிந்தது. கொராலி அதைப் பார்த்தாள், அம்மாவும் பார்த்தாள். பிறகு ஜொஸியான் உறையை மேசைமேல் வைத்து, அது கோணலாக இருந்ததால் நேராகத் திருப்பி வைத்தாள். இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் மேசையை ஒழுங்கு செய்த கை.

“என் வீட்டை எழுதிக் கொடுத்தவங்கதான் அதைப் பிடுங்குவாங்கன்னு நினைச்சேன்” என்றாள். “நான் பெத்தது பிடுங்கும்னு நினைக்கல.”

“அம்மா, அது வீடு இல்ல.”

“உனக்கு அது வீடு இல்ல. உனக்கு அது அத்தாட்சி.” கையை நீட்டினாள். “சாவியைக் கொடுத்துட்டுப் போ. சூப் ரெண்டு பேருக்குப் போட்டேன். நானே குடிச்சுக்கிறேன்.”

கொராலிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மணல்மேட்டைத் தவிர இந்த ஊரில் இடமே இல்லையா, மேட்டுத் தெருவில் மேயரின் சொந்தக்காரர்களுடைய தோட்டம் சும்மா கிடக்கவில்லையா, ஏன் எப்போதும் நமக்கு மட்டும் தண்ணீர் வரும் இடம்? எல்லாம் சரியான கேள்விகள். எதைக் கேட்டாலும் அம்மாவின் முட்டிக்கு ஒரு படி குறையப்போவதில்லை.

சாவியை வளையத்திலிருந்து கழற்றினாள். நகம் மடிந்தது. அம்மாவின் கையில் வைக்காமல் மேசைமேல் வைத்தாள், உறை இருந்த இடத்தில். உறையை எடுத்துக்கொண்டாள்.

“ரொட்டி வாங்கிட்டு வரல நீ” என்றாள் ஜொஸியான், முதுகைக் காட்டியபடி. “நான் திரும்பக் கீழ இறங்கணும்.”

கொராலி கதவைச் சாத்தினாள். படியில் இறங்கினாள், எண்ணவில்லை, கால் தானாக எண்ணியது. தெருவில் வெயில் வந்திருந்தது. கிடங்கின் சுவரைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை. அஞ்சல்பெட்டி பாலத்தின் இந்தக் கோடியில் இருந்தது, மஞ்சள் பெட்டி, பகல் பன்னிரண்டுக்குக் கடைசியாக எடுப்பார்கள். மணிக்கூண்டில் பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். அவள் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.